முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து ஓடினால்: த்ரில்லர் படம் நம்மை எப்படிப் பிடித்து வைக்கிறது?

வெள்ளிக்கிழமை முதல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களிடம் மைக்கை நீட்டினால், அநேகமாக ஒரே பதில்தான் வரும். "செம த்ரில்லர் சார், அந்தக் கடைசி ட்விஸ்ட் எதிர்பார்க்கவே இல்லை." கொலை இருந்தால் த்ரில்லர், போலீஸ் இருந்தால் த்ரில்லர், இருட்டில் யாராவது ஓடினால் அதுவும் த்ரில்லர். இப்படியே பேசிப் பேசி, த்ரில்லர் என்றால் கடைசிப் பத்து நிமிஷத்தில் யாரோ ஒருவருடைய முகத்திரை கிழிவது என்று ஆகிவிட்டது.

இதனால் சில நல்ல படங்களுக்கு அநியாயம் நடக்கிறது. கொலைகாரன் யார் என்பதை அரை மணி நேரத்திலேயே காட்டிவிடுகிற படத்தை, "முதலிலேயே தெரிந்துபோச்சு, சப்பென்று இருக்கு" என்று ஒதுக்கிவிடுகிறோம். அங்கே இயக்குநர் தெரிந்தேதான் சொல்லியிருப்பார். சொன்னதால்தான் அடுத்த ஒன்றரை மணி நேரம் நாம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தோம். அது நமக்கே தெரிவதில்லை.

த்ரில்லரின் சூத்திரத்தைப் புரிந்துகொள்ள, முன்பின் தெரியாத இருவர் சேர்ந்து தப்பி ஓடும் கதையைப் போல வசதியானது வேறில்லை. இரண்டே பேர், பின்னால் துரத்துகிறவர்கள், முன்னால் ஒரு சாலை. மறைக்க அதிக இடம் இல்லாத கதை என்பதால், உள்ளே சக்கரங்கள் சுற்றுவது நன்றாகத் தெரியும்.

மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டு

மாம்பலம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நிற்கிறீர்கள். ரங்கநாதன் தெருப் பக்கம் இறங்கும் படிக்கட்டின் அடியில் இரண்டு டி.டி.ஆர். நின்று செக்கிங் செய்துகொண்டிருக்கிறார்கள். உங்கள் நண்பர் கூட்டத்தோடு கூட்டமாக அந்தப் படியில் இறங்குகிறார். அவருடைய சீசன் டிக்கெட் நேற்றோடு முடிந்துவிட்டது. காலையில் தற்செயலாகத் தேதி உங்கள் கண்ணில் பட்டது, சொல்ல மறந்துவிட்டீர்கள். அவருக்கு இது தெரியாது. போனில் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்குகிறார். இந்த இரைச்சலில் கூப்பிட்டாலும் கேட்காது. ஒரு படி. இன்னொரு படி. முன்னால் போன பெரியவரை டி.டி.ஆர். நிறுத்துகிறார். நண்பர் ஒதுங்கிப் போய்விடுவாரா?

இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் உங்கள் உள்ளங்கை வியர்த்துவிட்டது.

இப்போது ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவோம். சீசன் முடிந்தது உங்களுக்கும் தெரியாது. நீங்களும் அவரும் பேசிக்கொண்டே இறங்குகிறீர்கள், டி.டி.ஆர். சட்டென்று அவர் கையைப் பிடிக்கிறார். தூக்கிவாரிப் போடும். அரை நிமிஷத்தில் அபராதம் எவ்வளவு என்ற பேச்சு வந்துவிடும்.

இன்னொரு விதமாகவும் மாற்றலாம். நீங்கள் தாமதமாக வருகிறீர்கள். தூரத்தில் நண்பர் டி.டி.ஆரோடு வாக்குவாதம் செய்வது மட்டும் தெரிகிறது. என்ன ஆச்சு, டிக்கெட் எடுக்கவில்லையா, முதல் வகுப்பில் ஏறிவிட்டாரா என்று மனசு கணக்குப் போடும்.

சம்பவம் ஒன்றுதான். யாருக்கு என்ன தெரியும், எப்போது தெரியும் என்பது மட்டும்தான் மாறியது. மூன்று முறையும் நமக்குள் நடந்தது வேறு வேறு.

புதிர், அதிர்ச்சி, சஸ்பென்ஸ்

இந்த மூன்றுக்கும் பேர் வைத்துக்கொள்வோம். படத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது பார்வையாளருக்குத் தெரியாமல் இருந்தால் அது புதிர். இரண்டு தரப்புக்கும் தெரியாமல் இருந்து சட்டென்று வெடித்தால் அது அதிர்ச்சி, அதாவது நாம் ட்விஸ்ட் என்று சொல்வது. பாத்திரத்துக்குத் தெரியாத ஆபத்து பார்வையாளருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அது சஸ்பென்ஸ்.

புதிருக்கு நம் ஊரிலேயே அருமையான உதாரணம் இருக்கிறது. எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்து 1954இல் வந்த 'அந்த நாள்'. இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சென்னையில் நடக்கும் கதை. படம் தொடங்கியதுமே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் ஏற்ற பாத்திரம் செத்து விழுகிறது. யார் சுட்டார்கள் என்பதுதான் மீதிப் படம். விசாரணையில் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த கதையைச் சொல்கிறார்கள், நாம் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போகிறோம். புதிர் எப்போதும் நடந்து முடிந்ததைப் பற்றிய கேள்வி. சஸ்பென்ஸ் இனிமேல் நடக்கப் போவதைப் பற்றிய கேள்வி. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பேர்போன இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுக்கு 1962இல் கொடுத்த நீண்ட நேர்காணலில் இதை ஒரு வெடிகுண்டை வைத்து விளக்கினார். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது யாருக்கும் தெரியாமல் வெடித்தால் பார்வையாளருக்குக் கிடைப்பது 15 விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முதலிலேயே காட்டிவிட்டு, மேஜையில் இருப்பவர்களைச் சாதாரணமாகப் பேசவிட்டால் கிடைப்பது 15 நிமிஷ சஸ்பென்ஸ். கதை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை இன்றும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். ட்விஸ்ட் த்ரில்லரில் வரலாம், ஆனால் த்ரில்லரை ஓட்டுவது அது இல்லை. நமக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்திருப்பதும், அதைப் பாத்திரத்திடம் சொல்ல முடியாமல் தவிப்பதும்தான் ஓட்டுகின்றன.

இருவரையும் சேர்த்துக் கட்டுவது எது?

இனி நம் வகைக்கு வருவோம். முன்பின் தெரியாத இரண்டு பேர். ஆபத்து வந்தால் ஆளுக்கொரு திசையில் ஓடுவதுதானே இயல்பு? ஏன் சேர்ந்து ஓடுகிறார்கள்? இந்தக் கேள்விக்குப் படத்தில் திடமான பதில் இருக்க வேண்டும். அந்தப் பதிலை இங்கே 'கட்டு' என்று சொல்கிறேன். பிரிந்தால் இருவருக்கும் நஷ்டம் என்று ஆக்கி வைக்கிற காரணம்தான் கட்டு.

பழைய படங்கள் இதை நேரடியாகவே செய்தன. ஹிட்ச்காக்கின் 'தி 39 ஸ்டெப்ஸ்' 1935இல் வந்தது. அதில் கொலைப்பழி சுமந்து ஓடும் ஒருவனையும், அவன் சொல்வதைத் துளியும் நம்பாத ஒரு பெண்ணையும் ஒரே கைவிலங்கில் பூட்டிவிடுகிறார்கள். ஜான் பக்கன் 1915இல் எழுதிய மூல நாவலில் இப்படி ஒரு பெண்ணே கிடையாது. படத்துக்காகச் சேர்த்தார்கள், அவளால்தான் படத்துக்கே உயிர் வந்தது. 1958இல் ஸ்டான்லி கிரேமர் இயக்கிய 'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில், அமெரிக்கத் தென்பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கைதியும் ஒரு கறுப்பினக் கைதியும் ஒரே சங்கிலியில் கட்டுண்ட நிலையில் தப்பிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் வெறுத்தாலும் ஒரே திசையில்தான் ஓடியாக வேண்டும்.

சென்னையில் நடக்கும் மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' (2013) கட்டை வேறு விதமாகப் போட்டது. நள்ளிரவில் ரத்தம் வழிய ரோட்டில் கிடக்கும் ஒருவரை, ஒரு மருத்துவ மாணவர் வீட்டுக்குத் தூக்கிப் போய் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றுகிறார். காப்பாற்றப்பட்டவர் போலீஸ் தேடும் கொலையாளி. சங்கிலி இல்லை, விலங்கு இல்லை. ஒரு நல்ல காரியம் செய்தார், அதுவே அவரை மாட்டிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கட்டு இது. இரும்புச் சங்கிலியை உடைத்துவிடலாம். செய்த உதவியைச் செய்யாததாக ஆக்க முடியாது.

விளக்கத்துக்கு நாமே ஒரு கதையைக் கட்டிப் பார்ப்போம். கல்பனா சௌகார்பேட்டையில் ஒரு நகை மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவர். வருஷக் கணக்கு முடிக்க இரவு தாமதமாகிவிட்டது. முதலாளி கொல்லப்படுவதைக் கண்ணால் பார்க்கிறார். பின்வாசல் வழியாகத் தங்கசாலை தெருவுக்கு ஓடிவந்து, அங்கே நின்றிருந்த குட்டி யானையில் ஏறி, "எடுங்க, எடுங்க" என்று கத்துகிறார். வண்டியில் எவர்சில்வர் பாத்திர மூட்டைகள். டிரைவர் பெயர் சேகர். எதிர்க்கடை சிசிடிவியில் பதிவானது இவ்வளவுதான்: கொலை நடந்த கடையிலிருந்து ஒரு பெண் ஓடிவருகிறாள், தயாராக நின்ற வண்டியில் ஏறுகிறாள், வண்டி பறக்கிறது. போலீஸ் கண்ணுக்கு இருவரும் கூட்டாளிகள். இனி ஒருவர் சிக்கினால் அடுத்தவருக்கும் ஆபத்து. கட்டு விழுந்துவிட்டது.

"நேராகப் போலீஸிடம் போகலாமே?"

தியேட்டரில் பக்கத்து சீட்டிலிருந்து கட்டாயம் வரும் கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. இதற்குப் பதில் இல்லாத படம் ஓட்டையோடுதான் ஓடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்தால், கதை எழுதுகிறவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பது புரியும். குற்றவாளிக்கு அடைக்கலம் கொடுப்பதே ஒரு குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 212ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 249ஆம் பிரிவு. ஆனால் சும்மா கூட இருந்தாலே மாட்டிவிடுவதில்லை. அந்த ஆள் குற்றம் செய்தவர் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருக்க வேண்டும். அவரைத் தண்டனையிலிருந்து தப்பவைக்கும் எண்ணமும் இருக்க வேண்டும். குற்றவாளியின் கணவனுக்கோ மனைவிக்கோ இந்தப் பிரிவிலிருந்து விலக்கு உண்டு.

கவனியுங்கள், இங்கும் யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் பேச்சு. மனைவி ஒளித்து வைத்தால் இந்தப் பிரிவு தொடாது. முன்பின் தெரியாதவர் தெரிந்தே ஒளித்து வைத்தால் தொடும். அதனால்தான் இந்தக் கதைகளுக்குக் காதலர்களையோ தம்பதியையோ விட, பேர்கூடத் தெரியாத இருவர் நன்றாகப் பொருந்துகிறார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு உண்மை தெரியவரும் ஒவ்வொரு தடவையும், இறங்கிப் போவதா, தொடர்வதா என்று புதிதாக முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நம் கதையில் கல்பனா போலீஸிடம் போகாததற்கு, கொலைகாரனோடு ஒரு காக்கிச் சட்டையையும் அவர் பார்த்தார் என்று வைக்கலாம். நூறு படத்தில் வந்த காரணம்தான், இருந்தாலும் வேலை செய்யும். சேகர் போகாததற்கு இன்னும் நல்ல காரணம் இருக்கிறது. அதை அடுத்த பகுதியில் பார்க்கலாம்.

ஒரே கதை, மூன்று வரிசை

சேகர் அந்த இடத்தில் தற்செயலாக நிற்கவில்லை. சாயங்காலம் ஒரு போன் வந்தது. "ஒரு லோடு இருக்கு, கடைக்குப் பின்னாடி வண்டியை நிறுத்து, லைட்டைப் போடாதே, ஐயாயிரம் தரேன்." வீட்டு வாடகை பாக்கி. யார் என்ன என்று கேட்காமல் ஒத்துக்கொண்டான். கொலை நடக்கப் போவது அவனுக்குத் தெரியாது. கொலைகாரர்கள் ஏற வேண்டிய வண்டியில் சாட்சி ஏறிவிட்டார். கூப்பிட்டவன் நம்பரை அவன் 'லோடு அண்ணன்' என்று போனில் பதிந்து வைத்திருக்கிறான்.

இந்த ரகசியத்தைப் பார்வையாளருக்கு எப்போது சொல்வது? படத்தின் தலையெழுத்தே இந்த முடிவில்தான் இருக்கிறது.

முதல் வழி, கடைசிவரை சொல்லாமல் வைத்திருப்பது. நாமும் கல்பனாவைப் போலவே சேகரை நல்லவன் என்று நம்பி வருகிறோம். பரனூர் சுங்கச்சாவடி தாண்டி ஒரு டீக்கடை. சேகர் கீழே இறங்கியிருக்கிறான். டேஷ்போர்டில் போன் அடிக்கிறது, கல்பனா எடுக்கிறார். மறுமுனையில் அந்தக் கொலைகாரனின் குரல். தியேட்டரே ஆடிப் போகும். அந்த ஆட்டம் சில விநாடி. அப்புறம் பார்வையாளர் மனதுக்குள் பின்னால் போய், "அப்போ அந்த சீனில் அவன் ஏன் அப்படிப் பேசினான்?" என்று கணக்குச் சரிபார்க்கத் தொடங்குவார். கணக்கு இடித்தால் படம் கையைவிட்டுப் போய்விடும். அதற்குமுன் போன ஒரு மணி நேரத்துக்கும் இந்த ரகசியத்தால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. அது பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது.

இரண்டாம் வழி, ஏதோ சரியில்லை என்று மட்டும் காட்டுவது. சேகர் போனைக் கவிழ்த்து வைக்கிறான். வெளிச்சமான பெட்ரோல் பங்க்கைத் தாண்டிப் போய் இருட்டான பங்க்கில் டீசல் போடுகிறான். கல்பனாவுக்குச் சந்தேகம், நமக்கும் சந்தேகம். இது புதிர். நன்றாக எழுதினால் சுவையாக இருக்கும். ஆனால் நாம் சேகரைத் துப்பறிகிறோமே தவிர, அவனுக்காகப் பயப்படுவதில்லை.

மூன்றாம் வழி, கல்பனா வண்டியில் ஏறுவதற்கு முன்பே அந்தப் போன் பேச்சைக் காட்டிவிடுவது. இப்போது பாருங்கள். வண்டி எண்ணூர் பக்கம் போகாமல் தெற்கே திரும்பி ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்துவிட்டது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. போன் அடிக்கிறது.

"போன் அடிக்குதுங்க."

"லோடு பார்ட்டி மேடம். அப்புறம் பேசிக்கிறேன்."

"எடுத்துப் பேசுங்க, ஏதாவது அவசரமா இருக்கப் போகுது."

கல்பனா அக்கறையாகத்தான் சொல்கிறார். சாதாரண நாலு வார்த்தை. ஆனால் நமக்கு வயிற்றைக் கலக்கும். இனி அந்தப் போன் ஒவ்வொரு முறை ஒளிரும்போதும் நம் மனசு அடித்துக்கொள்ளும். சேகர் தூங்கி வழிந்தால் பயம், சார்ஜ் போடச் சொன்னால் பயம், கல்பனாவின் போனில் சார்ஜ் தீர்ந்து "உங்க போனைக் கொஞ்சம் குடுங்க, அம்மாகிட்ட பேசணும்" என்றால் இன்னும் பயம். ஒரே ஒரு தகவலை முன்னால் கொடுத்ததால் பத்து சீன்களுக்குத் தீனி கிடைத்துவிட்டது. இன்னொரு மாற்றமும் நடக்கிறது. சேகர் சொல்லத் துடிக்கிறான், சொல்ல முடியவில்லை என்பதை நாம் பார்க்கிறோம். அவன்மேல் கோபமும் இரக்கமும் ஒன்றாக வருகின்றன.

எழுதுகிற ஆள் மூன்றாம் வழியைக் கண்டு தயங்குவதற்குக் காரணம் புரிகிறது. ட்விஸ்ட் கைதட்டல் வாங்கும். மூன்றாம் வழியில் யாரும் கைதட்ட மாட்டார்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள்.

சுருக்கமாக: ரகசியம் மாறவில்லை, அது திறக்கும் நேரம் மாறியது. கடைசியில் திறந்தால் அதிர்ச்சி, பாதி திறந்தால் புதிர், முதலில் திறந்தால் சஸ்பென்ஸ்.

வெளியே ஒரு திரி, உள்ளே ஒரு திரி

துரத்தல் என்றால் வேகம் என்று பலர் நினைக்கிறார்கள். கார் எத்தனை முறை உருண்டது, எத்தனை கண்ணாடி உடைந்தது என்று எண்ணுகிறார்கள். துரத்துகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாவிட்டால், எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் வெறும் சத்தம்தான். இதற்காகத்தான் இன்டர்கட் பயன்படுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் நடப்பதை மாற்றி மாற்றிக் காட்டுவதுதான் இன்டர்கட். பரனூரில் குட்டி யானை வரிசையில் நிற்கிறது. வேறொரு அறையில் ஒரு காவலர் ஃபாஸ்டேக் பதிவில் வண்டி எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறார். மறுபடி வரிசை, முன்னால் இரண்டு லாரி. மறுபடி அறை, கம்ப்யூட்டர் மெதுவாகச் சுற்றுகிறது. வண்டி ஓடவே இல்லை, நின்றுகொண்டிருக்கிறது. பதற்றம் மட்டும் ஓடுகிறது.

இது வெளித் திரி. துரத்துகிறவர்கள் பிடித்துவிடுவார்களா என்ற கேள்வி. சேர்ந்து ஓடும் கதைக்கு உள்ளேயும் ஒரு திரி எரிய வேண்டும். பக்கத்தில் இருக்கிற ஆளை நம்பலாமா என்ற கேள்வி. தனியாக ஓடும் நாயகனின் கதையில் இந்த இரண்டாவது திரி கிடையாது. அதனால் அவன் பதுங்கி மூச்சுவிடும் இடத்தில் படமும் மூச்சுவிட்டுவிடும். இருவர் ஓடினால் அப்படி இல்லை. போலீஸ் தூரத்தில் இருக்கும்போது உள்திரி எரியும், உள்ளே கொஞ்சம் நிம்மதி வந்தால் வெளித் திரி எரியும்.

'தி 39 ஸ்டெப்ஸ்' படத்தின் விடுதிக் காட்சி இதற்குப் பாடம் மாதிரி. விலங்கு பூட்டிய இருவரும் தம்பதி போல நடித்து ஓர் இரவு தங்குகிறார்கள். அவன் நிரபராதி என்பது நமக்கு முதலிலிருந்தே தெரியும், அவளுக்கு நம்பிக்கை இல்லை. அவன் தூங்கியதும், அவள் கையை நெளித்து நெளித்து விலங்கிலிருந்து உருவிக்கொள்கிறாள். ஓடிப்போகிறவள், கீழே இரண்டு பேர் போனில் பேசுவதைக் கேட்டு நிற்கிறாள். போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்த ஆட்கள் அவர்கள். அவன் சொன்னதெல்லாம் உண்மை என்பது அந்தப் பேச்சில் தெரிந்துவிடுகிறது. அவள் திரும்பி அறைக்கே வந்து படுத்துக்கொள்கிறாள். துரத்தல் இல்லை, சண்டை இல்லை. ஒருத்திக்கு ஒரு விஷயம் தெரியவருகிறது, அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து படம் வேறு படமாகிவிடுகிறது.

பையில் என்ன இருக்கிறது என்பது

எல்லாரும் துரத்துகிற ஒரு பொருள் இந்தக் கதைகளில் இருக்கும். பென் டிரைவ், வைரம், டைரி, ரகசியச் சூத்திரம். ஹிட்ச்காக் இதை மெக்கஃபின் என்றார். பாத்திரங்களுக்கு உயிர்போகும் விஷயம், பார்வையாளருக்கு அது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான். கல்பனாவின் கைப்பையில் இருப்பது கறுப்புக் கணக்கு நோட்டா, லாக்கர் சாவியா என்பதற்கு நாலு வரிக்குமேல் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை.

பாட்டும் இடைவேளையும்

நம் படங்களுக்கு மட்டும் உள்ள இரண்டு சிக்கல்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று பாட்டு. சஸ்பென்ஸ் கடிகாரத்தை நம்பி இருக்கிறது. விடிவதற்குள், ரயில் கிளம்புவதற்குள், மருந்து தீர்வதற்குள் என்று ஏதாவது ஒரு கெடு. நடுவில் நாலரை நிமிஷம் வெளிநாட்டில் ஆடிவிட்டு வந்தால் அந்தக் கெடுவை யாரும் நம்ப மாட்டார்கள். 'அந்த நாள்' 1954இலேயே பாட்டே இல்லாமல் வந்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது இப்போது புரியும். 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்திலும் பாட்டு இல்லை, இளையராஜாவின் பின்னணி இசை மட்டும்தான். 2019இல் வந்த லோகேஷ் கனகராஜின் 'கைதி'யிலும் பாட்டு இல்லை, கதை ஒரே இரவில் முடிகிறது.

இன்னொன்று இடைவேளை. பாப்கார்ன் வாங்க எழுந்து போகிறவரைத் திரும்ப வரவைக்கும்படி முதல் பாதியை முடிக்கும் காட்சிக் கோவையை இன்டர்வெல் பிளாக் என்பார்கள். வழக்கமாக அங்கே ஒரு ட்விஸ்ட் வைப்பார்கள். சேர்ந்து ஓடும் கதையில், கட்டு மாறுகிற இடத்தை அங்கே வைப்பதுதான் சரி என்பது என் கருத்து. பத்து நிமிஷ வெளிச்சத்தில் அதிர்ச்சி ஆறிப் போகும். "இனி இவர்கள் ஏன் சேர்ந்து இருக்க வேண்டும்?" என்ற கேள்வி ஆறாது.

முடிவு தெரிந்தால் படம் போச்சா?

"கதையைச் சொல்லிடாதே" என்று நண்பர்கள் காதைப் பொத்திக்கொள்வது புதிருக்கு நியாயம். கொலைகாரன் யார் என்று தெரிந்த பிறகு 'அந்த நாள்' முதல் தடவை பார்த்த அனுபவத்தைத் தராது. அது தருகிற இன்பம் வேறு, ஒவ்வொரு சாட்சியும் எதை மறைத்தார் என்று கவனிக்கலாம். சஸ்பென்ஸ் அப்படிச் சட்டென்று தீர்ந்துபோவதில்லை. அது நமக்குத் தெரிந்ததை வைத்தே ஓடுவதால், இரண்டாம் முறையும் ஓடும். நண்பர் மாட்டவில்லை என்று தெரிந்தே அந்த மாம்பலம் படிக்கட்டை மறுபடி பார்த்தாலும், அவர் போனில் சிரித்துக்கொண்டு இறங்கும்போது மனசு பதறத்தான் செய்யும். ஒரு படத்தை மூன்றாம் முறை பார்க்கும்போதும் அதே இடத்தில் கை இறுகுகிறது என்றால், அது ட்விஸ்டை நம்பி எடுத்த படமாக இருக்காது.

நல்ல படங்கள் இரண்டையும் கலக்கும். 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்தில் ஓடுகிற ஓட்டம் முழுக்க சஸ்பென்ஸ். அந்தக் கொலையாளி ஏன் ஒரு சிலரைக் காப்பாற்றத் துடிக்கிறான் என்பது மட்டும் புதிர், அதைக் கடைசிப் பகுதிவரை வைத்திருக்கிறார்கள்.

கட்டு அறுந்த பிறகு

'தி டிஃபையன்ட் ஒன்ஸ்' படத்தில் சங்கிலி பாதி வழியில் உடைந்துவிடுகிறது. அவரவர் வழியில் போகலாம். கறுப்பினக் கைதியைச் சதுப்பு நிலத்துக்குள் வேண்டுமென்றே தவறான வழியில் அனுப்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும், வெள்ளைக்காரக் கைதி அவனை எச்சரிக்கத் திரும்பி ஓடுகிறான். இப்போது இருவரையும் சேர்த்து வைப்பது இரும்பு இல்லை. கட்டாயத்தால் சேர்ந்தவர்கள் விருப்பத்தால் சேரும் இந்த இடம் வராவிட்டால், இரண்டு மணி நேரம் இருவரையும் ஒன்றாக ஓடவிட்டதற்கு அர்த்தமே இல்லை.

கல்பனா, சேகர் கதையில் அந்த இடம் எது? சேகரின் ரகசியத்தை நமக்கு முதலிலேயே சொல்லிவிட்டோம். கல்பனாவுக்கு எப்போது தெரிய வேண்டும் என்பதுதான் மிச்சம். நான் எழுதினால் இப்படி வைப்பேன். எதிர்க்கடையில் இன்னொரு கேமரா பதிவு கிடைத்து, கல்பனா நிரபராதி என்று செய்தியில் சொல்லிவிடுகிறார்கள். சேகரை மட்டும் தேடுகிறார்கள். கட்டு அறுந்துவிட்டது, அவர் இறங்கிப் போகலாம். மதுராந்தகம் தாண்டி வண்டி நிற்கிறது, சேகர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருக்கிறான். போன் அடிக்கிறது. இந்த முறை கல்பனா எடுத்துவிடுகிறார். அதே குரல். "டேய் சேகர், எங்கடா இருக்கே?" எல்லாம் ஒரு நொடியில் புரிந்துபோகிறது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் செங்கல்பட்டிலேயே இறங்கிட்டாருங்க, போனை வண்டியிலேயே விட்டுட்டுப் போயிட்டாரு" என்று சொல்லி வைத்துவிடுகிறார். கால் லிஸ்டிலிருந்து அந்த அழைப்பை அழிக்கிறார்.

சேகர் தண்ணீர்க் கேனோடு வருகிறான். "போன் அடிச்சுதா மேடம்?" என்கிறான். "இல்லையே" என்கிறார் கல்பனா. இவ்வளவு நேரம் அவன் மறைத்தான், நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இனி அவள் மறைக்கிறாள், நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வண்டி திண்டிவனம் பக்கம் கிளம்புகிறது, இரண்டாம் பாதிக்கு ஒரு கார் துரத்தல்கூடத் தேவைப்படாது.